மூணு தலைமுறை பட்டாளம், நாலாவது ஆள் வரலன்னுட்டான்

வணக்கம் மேடம்,

நான் பினாங்கு பட்டர்வொர்த்துல இருக்கேன், வயசு 58. மலேசிய ராணுவத்துல ரெஞ்சர் படையில 21 வருஷம் இருந்து சார்ஜனா 2007ல பென்சன் வாங்கிட்டு வந்தேன், இப்ப ஒரு ஃபேக்டரியில செக்யூரிட்டி சூப்பர்வைசரா இருக்கேன். யார்கிட்டயும் இப்படி எழுதிப் பழக்கமில்ல, தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க.

எங்க குடும்பம் பட்டாளக் குடும்பம் மேடம். தாத்தா கெடாவுல ஒரு ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டிக்கிட்டு இருந்தவர், 1943ல நேதாஜி கூப்பிட்டப்ப பால்கத்திய கீழ வச்சுட்டு ஐஎன்ஏல, அதான் இந்திய தேசிய ராணுவத்துல, சேந்து பர்மா வரைக்கும் போயிட்டு 1946லதான் திரும்பி வந்தார். அவர் யூனிஃபார்ம் போட்ட போட்டோ ஹால்ல மாட்டியிருக்கு, வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் அதையும் என்னையும் மாத்தி மாத்தி பாத்துட்டு அச்சு அசல் நீதாம்பான்னு சொல்லுவாங்க, மீசை கூட அப்படியே. அப்பா 1958ல, பத்தொம்பது வயசுல, ஃபெடரேஷன் ரெஜிமென்ட்டுல சேந்தார், கம்யூனிஸ்டுங்களோட சண்டை நடந்த மலாயா அவசரகாலம் அப்ப இன்னும் முடியல. நான் 1986ல, எனக்கும் பத்தொம்பதுதான். கிரிக் காட்டுல மழையில நனைஞ்சு அட்டைக் கடி வாங்கி, கூட நடந்தவன் கண்ணிவெடியில கால விட்டத கண்ணால பாத்தவன் நான். 1989 டிசம்பர்ல தாய்லாந்து ஹாட்யாய்ல கம்யூனிஸ்டுங்களோட சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானப்ப கேம்ப்புல நாங்க அழுதோம்.

இப்ப என் பையனுக்கு பத்தொம்பது. ஒரே பையன். எஸ்பிஎம் பள்ளிப் பரீட்சை முடிச்சான், நான்தான் ஃபாரம் போட்டேன், ஓட்டத்துல பாஸ், மெடிக்கல்ல பாஸ், இன்டர்வியூவுல பாஸ், போர்ட்டிக்சன்ல ட்ரெயினிங்குக்கு வான்னு லெட்டரும் வந்துடுச்சு. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்ல. என் பழைய பூட்ஸ எடுத்து, அங்க போனா புதுசு குடுப்பாங்கன்னு தெரியும், இருந்தாலும் எடுத்து, பஞ்ச தண்ணியில நனைச்சு சின்னச் சின்ன வட்டமா தேய்ச்சு முகம் தெரியற மாதிரி பாலிஷ் போட்டு வச்சேன், அது அப்பா எனக்கு சொல்லிக் குடுத்த வித்தை. பஸ் டிக்கெட் எடுத்தாச்சு. கெளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வந்து நிக்கிறான், "அப்பா நான் போகல"ன்னு. ஏன்டான்னா, எனக்கு அது வராதுப்பாங்கறான். அவ்ளோதான். ஒரு காரணம் கூட சொல்லல.

இப்ப ஒரு லிஃப்ட் கம்பெனியில ட்ரெயினிங், தினமும் மோட்டார் சைக்கிள ஃபெர்ரியில ஏத்திக்கிட்டு தீவுக்குப் போறான். லிஃப்ட் ரிப்பேர் பாக்கறது கேவலம்னு நான் சொல்லல. ஆனா மூணு தலைமுறை மேடம். அத ஒரு ராத்திரியில அறுத்துட்டான். நான் என்ன கெட்டதா சொன்னேன், பென்சன் இருக்கு, மரியாதை இருக்கு. என் மனைவி அவன் பக்கம். மச்சான் வந்து "காலம் மாறிப் போச்சு அத்தான்"னு எனக்கே பாடம் எடுக்கறார், அவருக்கு என்ன தெரியும் பட்டாளத்த பத்தி. ஜூலை 31 வீரர்கள் தினத்துக்கு பழைய கூட்டாளிங்க கூடினோம், எல்லாரும் பையன் எந்த கேம்ப்னு கேக்கறாங்க, நான் என்ன சொல்றது, பாதியிலயே எழுந்து வந்துட்டேன். கோழைன்னு சொல்லிட்டேன் அவன. அஞ்சு மாசமா பேச்சு இல்ல. ஒரே வீட்டுலதான் இருக்கோம், அவன் சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் நான் உக்காருவேன்.

இதுக்கு நடுவுல அப்பா வேற, 86 வயசாகுது, ஞாபகம் சரியில்ல, எங்ககூடதான் இருக்கார், ராத்திரி குளிப்பாட்டி விடறது எல்லாம் பையன்தான். போன மாசம் ஒருநாள் விடியக்காலையில கோப்பி எடுத்துட்டுப் போனேன், ரொம்ப நேரம் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டு "உன்ன யாரு பட்டாளத்துக்குப் போகச் சொன்னது"ன்னு கேட்டார். இத்தனைக்கும் நான் அவருக்காகத்தான் போனேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஒரு வார்த்தை பேசாம கையில பத்து வெள்ளி வச்சு அமுக்கிட்டுப் போன மனுஷன். வயசானவர் பேச்சு, அத விடுங்க. நான் சொல்ல வந்தது பையன் விஷயம்.

அவன் கடைசி நேரத்துல இப்படிப் பண்ணது சரியா? வயசு தாண்டறதுக்குள்ள அவன் மனச மாத்த ஏதாவது வழி இருக்கா? மூணு தலைமுறையோட மானம் மேடம் இது.

பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

*

வணக்கம் அண்ணே,

உங்க கடிதத்த மூணு தரம் படிச்சேன். மச்சான் சொன்னது, கூட்டாளிங்க கேட்டது, இதுக்கெல்லாம் நான் பதில் எழுதப் போறதில்ல. நடுவுல அப்பா கேட்ட ஒரு கேள்விய எழுதிட்டு அத விடுங்கன்னு தாண்டிப் போயிட்டீங்க பாருங்க, என்னால அத விட முடியல.

பையன் விஷயத்த முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அதுல நான் உங்க பக்கம் இல்ல. கெளம்புறதுக்கு முந்தின ராத்திரி வந்து சொன்னது தப்புதான், டிக்கெட் எடுத்து பூட்ஸ் பாலிஷ் போட்டு வச்ச அப்பாவுக்கு அது எப்படி வலிச்சிருக்கும்னு புரியுது. ஆனா உங்க கடிதத்துல அவன் ஃபாரம் போட்டான்னு எங்கயும் இல்ல, நான்தான் போட்டேன்னு இருக்கு. ஃபாரத்துல இருந்து மெடிக்கல் வரைக்கும் எத்தனை மாசம், அந்த மாசத்துல ஒருநாள் கூட உங்ககிட்ட வந்து வேணாம்பான்னு சொல்ற தைரியம் அந்த வீட்டுல அவனுக்கு வரல. அந்தத் தாமதத்துல பாதிப் பங்கு உங்களுது. கோழைன்னு சொன்னீங்க. கோழையா இருந்திருந்தா பேசாம பஸ் ஏறியிருப்பான் அண்ணே, போர்ட்டிக்சன்ல ரெண்டு வாரம் இருந்துட்டு ஓடி வந்திருப்பான், அப்ப உங்க மானம் எங்க போயிருக்கும்? ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு சார்ஜன் முன்னாடி நின்னு போகலன்னு சொல்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. அந்த வார்த்தைய திரும்ப வாங்கிக்குங்க. அவன் மனச மாத்த வழி கேட்டீங்க, அதுக்கு நான் உதவ மாட்டேன்.

பரம்பரைன்னு சொல்றீங்களே, அத கொஞ்சம் பாக்கலாம். உங்க தாத்தாவுக்கு முன்னாடி உங்க குடும்பத்துல பட்டாளத்துக்குப் போனவங்கன்னு நீங்க யாரையும் எழுதல. அவர் எந்தப் பரம்பரையையும் காப்பாத்தப் போனதா தெரியல, பால்கத்திய வச்சுட்டு அதுவரைக்கும் செய்யாத ஒண்ண செஞ்சார். 1943 எப்படிப்பட்ட வருஷம்னு தோட்டத்துப் பெரியவங்கள கேட்டா சொல்லுவாங்க. ஒரு பக்கம் ஜப்பான்காரன் தோட்டத்து ஆளுங்கள தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவுல சயாம் ரயில் போட அள்ளிக்கிட்டுப் போறான், 415 கிலோமீட்டர் தண்டவாளம், போன தமிழாளுங்கள்ல பல்லாயிரம் பேர் திரும்பல. இன்னொரு பக்கம் நேதாஜி வந்து, கூலின்னு கூப்பிட்டுப் பழகின ஜனத்த வீரர்களேன்னு கூப்பிடறார். நெஞ்சு நிமிந்து போனவங்களும் உண்டு, சயாமுக்குப் போறதவிட துப்பாக்கி தூக்கறது மேல்னு போனவங்களும் உண்டு, ரெண்டும் சேந்து போனவங்கதான் நிறைய. கோலாலம்பூர்ல இருந்து ஐஎன்ஏவோட பெண்கள் படையான ஜான்சி ராணி படையில சேந்த ஜானகி ஆதி நாகப்பன தெரியும்ல, அந்தப் பதினெட்டு வயசுப் பொண்ணு சேர அப்பா கையெழுத்து வேணும், அவருக்கு இஷ்டமில்ல, அந்தப் படையோட தலைவி கேப்டன் லட்சுமி வீட்டுக்கு வந்து பேசினப்புறம்தான் போட்டார். நாம பெருமையா பேசற அந்தத் தலைமுறையில எத்தனையோ பேர் பெத்தவங்க பேச்ச மீறிப் போனவங்கதான்.

சரி, இப்ப உங்க அப்பா.

அந்தக் கேள்விய உங்களுக்குக் கேட்ட கேள்வியா நீங்க எடுத்துக்கிட்டீங்க. பையன் மேல உள்ள கோபத்துல பெரும்பங்கு அங்கேர்ந்துதான் வருதுன்னு எனக்குத் தோணுது. பஸ் ஸ்டாண்டுல ஒரு வார்த்தை பேசாத அப்பா, பத்து வெள்ளி. அந்த மௌனத்த சம்மதம்னு நீங்க படிச்சீங்க, படிச்சு அத நம்பி 21 வருஷம் குடுத்தீங்க, காட்டுல கூட்டாளியோட கால் போனத பாத்தீங்க. இப்ப வந்து அவரே உன்ன யாரு போகச் சொன்னான்னு கேக்கறார். அதோட பையன் வேற முடியாதுன்னு சொல்லிக் காட்டிட்டான். அப்ப நானும் சொல்லியிருக்கலாமோ, யாரும் கேக்காத ஒண்ணுக்கா நான் அத்தனை வருஷம் குடுத்தேன்னு ஒரு பயம் உங்களுக்குள்ள இருக்கு அண்ணே. பையன் கேம்ப்புக்குப் போயிட்டா அந்தப் பயத்துக்கு பதில் வந்துடும்னு நெனக்கிறீங்க. வராது, அந்தக் கணக்க அவன் தலையில எழுதறது ஞாயமும் இல்ல.

ஆனா எனக்கு இன்னொண்ணும் படுது, அடிச்சு சொல்லல, நீங்க அந்த மனுஷன்கூட இருக்கறவர், நீங்களே யோசிச்சுப் பாருங்க. நீங்க எழுதின வருஷங்கள வச்சே கணக்குப் போட்டேன். அப்பாவுக்கு 86ன்னா 1943ல அவருக்கு நாலு வயசு. தாத்தா பால்கத்திய வச்சுட்டுப் போனாருன்னு ஒரு வரியில எழுதிட்டீங்க, அந்த லயத்து வீட்டுல யார விட்டுட்டுப் போனாருன்னு எழுதல. பாட்டியும் நாலு வயசுப் பையனும். அரிசி கெடைக்காம மரவள்ளிக்கிழங்க அவிச்சுத் தின்ன காலம் அது, உடுத்தத் துணி இல்லாம கோணிய சுத்திக்கிட்ட காலம். எந்த லாரியில யார ஏத்திக்கிட்டுப் போறான்னு தெரியாது. தாத்தா திரும்பி வந்தப்ப பையனுக்கு ஏழு வயசு, அப்பான்னு ஒரு ஆள் மீசையோட வாசல்ல நிக்கறார், இவனுக்கு அடையாளம் தெரிஞ்சிருக்குமான்னு கூட சந்தேகம்.

ஞாபகம் போற வியாதியில பக்கத்துல நடந்ததுதான் முதல்ல போகும், சின்ன வயசு சமாச்சாரம் கடைசி வரைக்கும் கெட்டியா நிக்கும். பெத்த பையன தன்னோட அப்பான்னோ அண்ணன்னோ நெனச்சுப் பேசறது இதுல சாதாரணமா நடக்கறது. விடியக்காலை, அரைகுறை வெளிச்சம், எதிர்ல அச்சு அசல் அந்த போட்டோ முகம், அதே மீசை. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தார்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்தக் கேள்வி உங்களக் கேட்டதாவே இல்லாம இருக்கலாம் அண்ணே. எண்பத்திரெண்டு வருஷமா தொண்டையில நின்ன கேள்வி அது, நாலு வயசுப் பையன் அவன் அப்பாவக் கேக்க வேண்டியது, கேக்காமலே அந்தப் பையன் பெரியவனாகி அதே யூனிஃபார்ம போட்டுக்கிட்டான்.

அப்படிப் பாத்தா பஸ் ஸ்டாண்டும் வேற மாதிரி தெரியுது எனக்கு. சம்மதத்துல பேசாம நின்னாரா, இல்ல போகாதன்னு சொல்ல வாய் வராம நின்னாரா? நீங்களும் இப்ப அதே மாதிரிதான் இருக்கீங்க, அஞ்சு மாசமா, ஒரு பையன்கிட்ட பேசாம.

அப்பாவ ஆஸ்பத்திரியில வயசானவங்கள பாக்கற டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டுங்க, மருந்து ஓரளவுக்குத்தான் கேக்கும், ஆனா வேற ஏதும் காரணம் இருக்கான்னு பாத்துடலாம். கூட பையன கூட்டிக்கிட்டுப் போங்க. தினமும் குளிப்பாட்டறவன் அவன், தாத்தா ராத்திரியில என்னென்ன பேசறார்னு உங்களவிட அவனுக்குத்தான் தெரியும். அவன்கிட்ட அதக் கேளுங்க, பட்டாளத்த பத்தி எதுவும் பேச வேணாம். அந்தக் கோழைங்கற வார்த்தைக்கு மட்டும் தப்புப் பண்ணிட்டேன்டான்னு சொல்லுங்க, அதுக்கு மேல விளக்கம் வேணாம்.

அப்பா மறுபடியும் அந்தக் கேள்விய கேப்பார், இந்த மாதிரி கேள்வி ஒருதரத்தோட நிக்காது. அப்ப நான் உங்க மகன்பா, நீங்களும்தானே போனீங்கன்னு திருத்தாதீங்க, அது அவர குழப்பும், பயமும் வரும். கோப்பிய கீழ வச்சுட்டு பக்கத்துல உக்காந்து கைய புடிச்சுக்கிட்டு, "வந்துட்டேன், இனிமே எங்கயும் போகல"ன்னு சொல்லுங்க.