பாலிமர் கொண்டு அகச்சிவப்பு ஆடி

கேள்வி: ஒளியை ஊடுருவ விடும் பிளாஸ்டிக்கைப் பூசி, அகச்சிவப்புக் கதிர்களைப் பிரதிபலிக்கும் ஆடியைச் செய்ய இயலுமா?

பதில்: இயலும். 1998-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஆய்வாளர்கள், ஒளிவிலகல் எண் (ஒரு பொருளுக்குள் ஒளியின் வேகம் எத்தனை மடங்கு குறைகிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 1.6 கொண்ட பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கையும் 4.6 கொண்ட டெல்லூரியம் என்ற தனிமத்தையும் மாறி மாறி 9 அடுக்குகளாகப் படியவைத்து, 10 முதல் 15 மைக்ரோமீட்டர் வரையிலான கதிர்களை அவை எந்தக் கோணத்தில் விழுந்தாலும் திருப்பியனுப்பும் ஆடியை உருவாக்கினர். ஒவ்வோர் எல்லையிலும் ஒரு பகுதி அலையே திரும்பினாலும், அடுக்குகளின் தடிமன் சரியாக அமைந்தால் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று இசைந்து வலுப்பெறுகின்றன. இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்களுக்கும் இடையிலான பெரிய வேறுபாட்டால்தான் இவ்வளவு குறைந்த அடுக்குகள் போதுமானவையாயின. இதன் எளிமை உண்மையிலேயே வியக்கத்தக்கது. பின்னர், இதே கோட்பாட்டில் பாலிமரையும் (பிளாஸ்டிக்) கால்கோஜெனைடு கண்ணாடியையும் (கந்தகம், செலினியம் அல்லது டெல்லூரியம் கலந்த கண்ணாடி) அடுக்கிய உள்ளீடற்ற இழைகள், 10.6 மைக்ரோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசரை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டு செல்லப் பயன்பட்டன.