அண்டா திரும்பி வந்தா வாடகை குறையுமா?

கேள்வி: அல்சூர்ல பாத்திர வாடகைக் கடை வெச்சிருக்கேன் சார். ராக்கெட் மேல போயிட்டு திரும்பி வந்து தானா நிக்குதே, இனிமே லாஞ்ச் செலவு பத்துல ஒரு பங்கு ஆயிடும்னு என் பையன் அடிச்சு சொல்றான். நிஜமா? அப்போ நம்ம இஸ்ரோ?
- ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: நல்லவேளை, உங்க தொழில வெச்சே சொல்லிடலாம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புது அண்டா வாங்கி, பந்தி முடிஞ்சதும் கடல்ல வீசுனா எப்படி? ராக்கெட்ல ரொம்ப வருஷமா அதான் நடந்துச்சு. அமெரிக்கக் கம்பெனி ஸ்பேஸ்எக்ஸோட ஃபால்கன் 9 ராக்கெட்ல மொத்தம் 10 எஞ்சின், அதுல 9 கீழ் அடுக்குல, செலவுல பாதிக்கு மேல அந்த அடுக்குக்குத்தான். பூஸ்டர்னு சொல்ற அந்தக் கீழ் அடுக்கு 2015 டிசம்பர்ல பத்திரமா தரையிறங்குச்சு, 2017 மார்ச்ல பழைய பூஸ்டரையே மறுபடி ஏத்தினாங்க, இப்போ ஒரே பூஸ்டர் 20 தடவைக்கு மேல போயிட்டு வருது. மேல் அடுக்கு மட்டும் இன்னும் ஒவ்வொரு வாட்டியும் புதுசு. எரிபொருள் காசெல்லாம் இதுல கொசுறு.

ஆனா அண்டா அடிப்பிடிச்சு திரும்பி வந்தா தேய்க்கிற கூலி யார் தலைல? நாசாவோட ஸ்பேஸ் ஷட்டில், அதுவும் போயிட்டு திரும்பி வர்ற விண்கலம்தான், அங்கதான் மாட்டுச்சு. 1981லேர்ந்து 2011 வரைக்கும் 135 தடவை போச்சு, ஒவ்வொரு வாட்டி திரும்பினதும் உடம்புல ஒட்டியிருக்கிற 20,000க்கு மேற்பட்ட சூடு தாங்குற ஓடுகள செக் பண்ணி, எஞ்சின கழட்டி மாட்டி, எல்லாம் சேர்த்து கணக்குப் போட்டா ஒரு டிரிப்புக்கு 100 கோடி டாலருக்கு மேல!

அப்புறம் முகூர்த்தம். ஆடி மாசம் சரக்கு சும்மா கிடந்தாலும் குடோன் வாடகை நிக்குமா? அடிக்கடி ஏவுனாதான் கட்டுப்படியாகும், அதுக்கு ஸ்பேஸ்எக்ஸ் சொந்த வீட்டுக் கல்யாணத்தையே வெச்சுக்கிச்சு, ஸ்டார்லிங்க்னு அவங்க சாட்டிலைட்டையே ஆயிரக்கணக்குல அனுப்புறாங்க. 2024ல மட்டும் ஃபால்கன் 130 தடவைக்கு மேல கிளம்புச்சு. அவங்களுக்கு செலவு நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆனா ஒரு லாஞ்சுக்கு வெளியாளுக்கு சொல்ற ரேட்? 2016ல 6.2 கோடி டாலர், 2022ல 6.7 கோடி. ஏறியிருக்கு சார்! எதிர்ல இன்னொரு கடை திறக்காதவரைக்கும் நீங்க மட்டும் குறைப்பீங்களா என்ன.

இஸ்ரோ விஷயம். நம்ம 4,700 கிலோ சாட்டிலைட் ஜிசாட் என்2வ 2024 நவம்பர்ல ஃபால்கன்லதான் அனுப்புனோம், இஸ்ரோவோட பெரிய ராக்கெட் எல்விஎம்3, அது போக வேண்டிய உயரத்துக்கு அப்போ சுமார் 4,000 கிலோதான் தூக்கும். அதே வருஷம் செப்டம்பர்ல 8,240 கோடி ரூபாய்ல புது ராக்கெட்டுக்கு ஒப்புதல் ஆச்சு, கீழ் அடுக்கு திரும்பி வர்ற மாதிரி. இன்னொரு பக்கம் றெக்க வெச்ச புஷ்பக்னு ஒரு சோதனைக் கலம், இங்கேர்ந்து ஹூப்ளி பஸ் ஏறினா வழியில வர்ற சித்ரதுர்கா பக்கம் 4.5 கிலோமீட்டர் உயரத்துல ஹெலிகாப்டர்லேர்ந்து விட்டாங்க, அதுவா ரன்வேயத் தேடி வந்து மணிக்கு சுமார் 320 கிலோமீட்டர் வேகத்துல தரையத் தொட்டு, பாராசூட் விரிச்சு நின்னுச்சு. 2023லேர்ந்து 2024க்குள்ள மூணு தடவை. ஆனா அது அண்டா இல்ல, சின்ன சொம்புல பாக்குற ட்ரையல்.