டாக்டர் தூரத்தில், பிள்ளை பக்கத்தில்

கேள்வி: மகனுக்கு இரண்டரை வயது. பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆட்டிசமாக இருக்கலாம் என்கிறார்கள். பயிற்சி மையம் பக்கத்தில் எங்குமே இல்லை. காத்திருப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: காத்திருக்கவே வேண்டாம். முதல் வேலையாகக் காது கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

நிபுணர் இல்லாத இடங்களை மனதில் வைத்தே உலக சுகாதார நிறுவனம் பெற்றோருக்கான பயிற்சி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. 9 குழு வகுப்புகள், 3 முறை வீட்டுக்கே வந்து பார்ப்பது, அவ்வளவுதான். ஆட்டிசம் என்று உறுதியாகியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இணையத்திலும் கிடைக்கிறது. நிபுணர் அல்லாதவர் சொல்லித் தந்தால் பலன் இருக்குமா என்று கேட்பீர்கள். இதே போன்ற வேறொரு பெற்றோர் பயிற்சியை வைத்துக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் செய்து 2016-இல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்டவர்களிடம் பயின்ற பெற்றோர் பிள்ளைக்கு இசைந்து பழகும் விதம் நன்றாகவே மாறியிருந்தது, பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்ள முயல்வதும் கூடியது.

சரி, இன்றைக்கே என்ன செய்யலாம்? பொம்மை வண்டியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறானா, பிடுங்காதீர்கள், அவன் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்து நீங்களும் சுற்றுங்கள், சட்டென்று நிறுத்திவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவன் பார்த்தாலோ உங்கள் கையைத் தள்ளினாலோ "சுத்து" என்று ஒரே வார்த்தை சொல்லிச் சுற்றுங்கள். தினமும் கொஞ்ச நேரம் போதும்.

ஆட்டிசத்தையே குணப்படுத்தும் மருந்து என்று யாராவது விற்க வந்தால் மட்டும் காசைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அப்படி ஒரு மருந்து கிடையாது.