பூச்சு உதிர்வதும் பேட்டரி சாவதும்: வாசகர் கேள்விகள்

கே: லித்தியம் பேட்டரியின் ஆனோடுக்காக (எதிர்மின்முனை) இரண்டு மைக்ரான் சிலிக்கான் தூள் 80, கார்பன் பிளாக் 10, பி.வி.டி.எஃப் என்ற பசை 10 என்ற விகிதத்தில் குழம்பு கலந்து, காப்பர் ஃபாயிலில் பூசி, லித்தியத்துக்கு எதிரே காயின் செல் (சிறு பொத்தான் வடிவச் சோதனை பேட்டரி) கட்டினேன். முதல் சுற்றில் கிராமுக்கு 3,000 மில்லி ஆம்பியர்-மணி. பத்தாவது சுற்றில் 300கூடத் தேறவில்லை. பிரித்துப் பார்த்தால் பூச்சு பொடியாக உதிர்கிறது. எங்கே தவறு?

ப: தூளிலும் பசையிலும். லித்தியம் முழுதாக ஏறினால் சிலிக்கானின் கனஅளவு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. வழக்கமான ஆனோடுப் பொருளான கிராஃபைட்டோ பத்து சதவீத வீக்கத்தோடு நின்றுவிடும். இரண்டு மைக்ரான் துகள் அந்த வீக்கத்தில் பிளந்தே தீரும். சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே துகள் உடைவதில்லை. 2012இல் இதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்தார்கள். 100 நானோமீட்டர் தூளுக்கு மாறுங்கள். அதற்காக 20, 30 என்று இறங்கவும் வேண்டாம். பரப்பு கூடக் கூட முதல் சார்ஜில் வீணாகும் லித்தியமும் கூடும்.

பி.வி.டி.எஃப் சிலிக்கானோடு வேதிப் பிணைப்பு கொள்வதில்லை, வெறுமனே ஒட்டி நிற்கிறது. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்ற பசை அப்படியல்ல. துகளின் ஆக்சைடுத் தோலோடு பிணைந்துகொள்ளும். சிலிக்கான், கார்பன், பசை மூன்றும் 60:20:20 இருக்கட்டும். பசையை 2 சதவீதக் கரைசலாக நீரில் இரவு முழுக்கக் கலக்கி, சிட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். 3க்குக் கொண்டுவாருங்கள். குழம்பு காரப் பக்கம் சாய்ந்தால் சிலிக்கான் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் கக்கும். பூச்சில் குழி குழியாகத் தெரிவது அதுதான். அறை வெப்பத்தில் காய்ந்த பிறகே வெற்றிட அடுப்பில் 120 டிகிரி, 12 மணி நேரம்.

எலக்ட்ரோலைட்டில் துகள்மேல் காப்புப் படலம் அமைய 10 சதவீதம் ஃப்ளூரோஎத்திலீன் கார்பனேட் சேருங்கள். ஒன்று கவனம்: லித்தியம் தகடு எதிரே இருக்கும்வரை லித்தியம் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. கூலும் திறனை, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஏற்றிய மின்னூட்டத்தில் எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்பதை, பாருங்கள். 99 சதவீதம் என்றால் நன்றாகத்தான் தோன்றும். ஆனால் லித்தியம் தகடு இல்லாத முழு செல்லில் நூறு சுற்றுக்குப் பின் மிஞ்சுவது 37 சதவீதம்தான்.

கே: சிப்பின் மேல் கட்டும் மென்படல லித்தியம் பேட்டரி, ரிஃப்ளோ சாலிடரிங் (பலகையை அடுப்பில் சூடாக்கிப் பற்றவைப்பது) முடிந்ததும் செத்துவிடுகிறதே?

ப: லித்தியம் 180.5 டிகிரியில் உருகிவிடும். ஈயமில்லாச் சாலிடருக்கோ அடுப்பு 240க்கு மேல் போகிறது. ஆகவே லித்தியம் ஆனோடே இல்லாமல் கட்டுங்கள்: கீழே கேத்தோடாக லித்தியம் கோபால்ட் ஆக்சைடு, அதன்மேல் ஒரு மைக்ரான் லைபான் (திட எலக்ட்ரோலைட்), அதன்மேல் காப்பர். சாலிடர் முடிந்த பிறகு முதல் சார்ஜ் கொடுத்தால், காப்பருக்கும் லைபானுக்கும் நடுவே லித்தியம் தானே படியும். முன்னதாகச் சார்ஜ் செய்தால் பழைய கதைதான்.

தூசு ஒன்று விழுந்தாலும் ஒரு மைக்ரான் லைபானில் ஓட்டை விழுந்து ஷார்ட் ஆகும். பயந்து மூன்று மைக்ரான் போடுபவர்கள் உண்டு. ஆனால் லைபானின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 2 மைக்ரோசீமன்ஸ் அளவே. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லி ஆம்பியர் இழுத்தால், ஒரு மைக்ரானில் 50 மில்லிவோல்ட் விழும், மூன்றில் 150.