காற்றில் ஓடும் சிறு மாடல் நீராவி எஞ்சின், நீராவி விட்டால் நின்றுவிடுகிறது. கொதிகலன் அழுத்தத்தைக் கூட்டலாமா?

அழுத்தத்தைக் கூட்ட வேண்டாம். 20 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரும், நீராவியைச் சிலிண்டரின் இரு முனைகளுக்கும் மாறி மாறி விடும் ஸ்லைடு வால்வும் கொண்ட உங்கள் எஞ்சின் கம்ப்ரஸர் காற்றில் சீராக ஓடுவதாகவும், நீராவியில் நாலைந்து சுற்றுகளோடு நின்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நின்றவுடன் நீராவியை அடைத்துவிட்டு, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பிஸ்டன் போய்வரும் வீச்சின் முனைக்கு அருகில் மட்டும் கல்லில் மோதியது போல் தடுத்தால் உள்ளே நீர் நிற்கிறது. சுற்று முழுவதும் இறுக்கமாக இருந்தால் பிஸ்டன் பிடிக்கிறது. தடையின்றிச் சுழன்றால் வால்வைப் பார்க்க வேண்டும்.

நாலைந்து சுற்றுகளில் நிற்பதால் என் முதல் சந்தேகம் நீரின் மீதுதான். குளிர்ந்த உலோகத்தைத் தொட்டாலும் காற்று காற்றாகவே இருக்கும். நீராவியோ தொட்ட கணத்தில் நீராகிவிடும். எஞ்சின் சிறுக்கச் சிறுக்க இந்த இழப்பு பெருகும். எல்லா அளவுகளையும் பாதியாக்கினால் சிலிண்டரின் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிவிடுகிறது, ஆனால் நீராவியைக் குளிரவைக்கும் உட்சுவரின் பரப்பு நான்கில் ஒன்றாகத்தான் குறைகிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1763-64இல் ஜேம்ஸ் வாட் பழுதுபார்த்த, நீராவியைச் சிலிண்டருக்குள்ளேயே குளிர்விக்கும் நியூகோமன் எஞ்சினின் சிறு மாதிரியும் சில வீச்சுகளிலேயே நீராவி தீர்ந்து நின்றுபோயிற்று; அதற்குக் காரணம் தேடப்போய்த்தான், நீராவியைச் சிலிண்டருக்கு வெளியே தனிக் கலனில் குளிர்விக்கும் யோசனை 1765இல் அவருக்குத் தோன்றியது. உங்கள் சிக்கல் நல்ல பரம்பரையில் வந்தது என்று ஆறுதல் கொள்ளலாம்.

சிலிண்டரின் இரு முனைகளிலும் நீர் வடிக்கும் சிறு திருகுகள் இல்லையென்றால் அவற்றை முதலில் பொருத்துங்கள். அவற்றைத் திறந்து வைத்து, நீராவியைச் சிறிதளவே விட்டு, துப்பும் நீர் நின்று வெறும் ஆவி சீறும் வரை ஃப்ளைவீலைக் கையால் சுழற்றிவிட்டு, அதன் பிறகே எஞ்சினைத் தானாக ஓடவிட வேண்டும். நீரை அமுக்க முடியாது என்பதால், அவசரப்பட்டால் பிஸ்டன் தண்டு வளையக்கூடும். கொதிகலனிலிருந்து வரும் குழாயின் மீது பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றுவதும், சிலிண்டரைக் கம்பளித் துணியால் போர்த்துவதும் அற்பமான வேலைகளாகத் தோன்றினாலும் பலன் தருவதில் இவற்றுக்கு இணையில்லை.

பிஸ்டன் இறுகுவது வேறு கதை. அதில் நான் ஒரு முறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். வார்ப்பிரும்புச் சிலிண்டருக்குள் அலுமினியப் பிஸ்டனை 0.02 மி.மீ. இடைவெளியில் பொருத்தியிருந்தேன், வாயால் ஊதினாலே எஞ்சின் ஓடும் என்று எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன். நீராவி விட்ட இரண்டு நிமிடத்தில் அது முனகி நின்றது. ஃப்ளைவீலை இரு கைகளாலும் அசைக்க முடியவில்லை. ஆறிய பின் தானே தளர்ந்தது. கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனின் ஒரு பக்கம் முழுவதும் பளபளவென்று நீளக் கோடுகள் விழுந்திருந்தன. ஒரு டிகிரிக்கு அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கும் வார்ப்பிரும்பு ஏறத்தாழ 11 பங்கும் விரியும்; 110 டிகிரி சூடேறினால் 20 மி.மீ. விட்டத்தில் இந்த வேறுபாடு 0.026 மி.மீ. ஆகிறது. நான் விட்டிருந்த இடைவெளியை விட இது அதிகம். பென்சிலும் காகிதமும் கொண்டு முன்பே போட்டிருக்கக்கூடிய கணக்கு. இப்போது அதே சிலிண்டரில் வார்ப்பிரும்புப் பிஸ்டன் ஓடுகிறது. எண்ணெயும் முக்கியம்: சாதாரண மெஷின் எண்ணெயை ஈர நீராவி கழுவிக்கொண்டு போய்விடும், நீராவிச் சிலிண்டருக்கென்றே உள்ள கெட்டியான எண்ணெய்தான் நிற்கும்.

வால்வின் நேரப் பிழையைக் கம்ப்ரஸர் மறைத்துவிடும், ஏனெனில் எவ்வளவு வீணானாலும் அது கொடுத்துக்கொண்டே இருக்கும். சிறு கொதிகலனுக்கு அந்த வசதி இல்லை. வால்வுப் பெட்டியின் மூடியைக் கழற்றி, பிஸ்டன் ஒவ்வொரு முனையை அடையும்போதும் நீராவித் துளை மயிரிழை திறக்கிறதா என்று பாருங்கள். ஒரு முனையில் அதிகமாகவும் மறுமுனையில் குறைவாகவும் திறந்தால் வால்வுத் தண்டின் நட்டைத் திருப்ப வேண்டும். இரு முனைகளிலும் தாமதமானால் வால்வை அசைக்கும் எக்சென்ட்ரிக்கை (அச்சில் மையம் விலகிப் பொருத்திய வட்டு) சுழலும் திசையில் சற்று முன்தள்ள வேண்டும். நீராவியை வீச்சின் முக்கால் பங்கில் அடைத்து, மீதியை விரிவிலேயே ஓடவைக்க விரும்பினால், விளிம்பு நீண்ட புது வால்வு செய்து, எக்சென்ட்ரிக்கைக் கிராங்குக்கு (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கை) 90 டிகிரிக்கும் மேலாக முன்னே வைக்க வேண்டியிருக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கொதிகலன் வெள்ளிப் பற்றாசு வைத்த செம்பாக இருந்து, வேலை அழுத்தத்தைப் போல் இரு மடங்கில் குளிர்ந்த நீரால் சோதிக்கப்பட்டு, பாதுகாப்பு வால்வும் சரியாக வேலை செய்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். வால்வுப் பெட்டியைத் திறக்கும்போது, கசிவைத் தடுக்க மூடிக்கு அடியில் வைத்த கேஸ்கட் கிழிந்துவிட்டால், பழுப்புக் காகிதத்தை வெட்டி எண்ணெயில் நனைத்து வைத்தாலே போதும்.