தடித்த வயரில் 500 வோல்ட், ஒல்லி வயரில் 750 வோல்ட்?

கேள்வி: டேபிள் ஃபேனுக்கு மாற்ற இரண்டு கோர் வயரும், சுவருக்குள் குழாயில் இழுக்க 1.5 ஸ்கொயர் எம்எம் சிங்கிள் கோர் வயரும் வாங்கினேன். ஃபேன் வயர் நல்ல தடிமன், ஆனால் 300/500 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. ஒல்லியாக இருக்கும் சிங்கிள் கோரில் 450/750! மாற்றி அச்சடித்துவிட்டார்களா?

பதில்: இல்லை, இரண்டுமே வழக்கமான அச்சுதான். ஃபேன் வயர் தடிமனாகத் தெரிவது மேலுறையால். அதைச் சீவிப் பாருங்கள், உள்ளே இரண்டு மெல்லிய கோர்கள், அதாவது தனித்தனி உறை போட்ட கம்பிகள், இருக்கும். 0.75 ஸ்கொயர் எம்எம் வயர் என்றால், சர்வதேசத் தரப்படி ஒவ்வொரு கோரின் இன்சுலேஷனும் 0.6 மி.மீ., மேலுறை 0.8 மி.மீ. உங்கள் சிங்கிள் கோரில் இருப்பது ஒரே உறை, அது 0.7 மி.மீ.

அச்சில் உள்ள முதல் எண் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே தாங்கும் வோல்ட். இரண்டாவது, கம்பிக்கும் கம்பிக்கும் இடையே. வீட்டின் 230 வோல்ட்டுக்கு இரண்டு வயருமே தாராளம்.

சொல்லப்போனால், குறையில்லாத பி.வி.சி. ஒரு மி.மீ.க்குப் பல ஆயிரம் வோல்ட் தாங்கும். பிறகு எதற்கு இவ்வளவு தடிமன்? குழாய்க்குள் இழுக்கும்போது உறை உரசும், வளைவில் அழுந்தும், வருடக்கணக்கில் சூடேறிக் காய்ந்து விரிசல் விடும். சாதாரண பி.வி.சி.க்கு 70 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. தடிமனில் பெரும்பகுதி இந்த அடிகளைத் தாங்கத்தான். தரச் சோதனையில் 300/500 வயருக்கு 2,000 வோல்ட்டும் 450/750 வயருக்கு 2,500 வோல்ட்டும் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

வோல்ட் கணக்கு உறையோடு சரி. எத்தனை ஆம்பியர் போகலாம் என்பதை முக்கியமாக முடிவு செய்வது உள்ளே இருக்கும் செம்பு. என்னைக் கேட்டால், வாங்கும்போது கவனிக்க வேண்டியது அதைத்தான். பி.வி.சி. மலிவு, செம்பு விலை அதிகம். செம்பைக் குறைத்து உறையைத் தடிப்பாக்கினால் வயர் கைக்குத் திடமாகவே தெரியும். செம்பு பூசிய அலுமினியமும் விற்பனையில் உண்டு. கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். மாறாக, வெளியே வெள்ளையாகவும் சுரண்டினால் சிவப்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, பயமில்லை.

அப்புறம், மிச்சமாகும் ஃபேன் வயரைச் சுவருக்குள் இழுக்காதீர்கள், அது வெளியே கிடந்து வளையும் சாதனங்களுக்கானது. சிங்கிள் கோரை ஃபேனுக்கும் போட வேண்டாம்; அதற்கு மேலுறையே கிடையாது, ஒரு கீறல் விழுந்தால் அடுத்து கம்பிதான்.