குவாண்டம் சாவி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செய்திகளைப் பூட்டும் ரகசிய எண்வரிசையை (சாவியை) ஒளித்துகள்கள் வழியே அனுப்பும் குவாண்டம் சாவிப் பரிமாற்றத்தை யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது, இயற்கை விதியே காவல் என்கிறார்கள். அப்படியானால் கருவி செய்வதில் என் போன்றவர்களுக்கு என்ன வேலை மிச்சம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது. விதியை யாரும் உடைக்க வேண்டாம், கருவியை ஏமாற்றினால் போதும்.

பென்னெட், பிரசார் என்ற இரண்டு ஆய்வாளர்களும் 1984இல் இந்த முறையை முன்வைத்தது நம் பக்கத்து பெங்களூரில் நடந்த மாநாட்டில். சாவியின் ஒவ்வோர் இலக்கமும் ஓர் ஒற்றை ஒளித்துகளின் நிலையில் ஏறிப் போகும். அதை இடையில் ஒருவர் அளந்தால் அந்த நிலை குலையும், பிழை கூடும், திருட்டு வெளிப்படும். 1989இல் அவர்கள் இயக்கிக்காட்டிய முதல் கருவியிலோ, ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலை அதிரும் திசையை, மாற்றும் பாகத்துக்கான மின்வழங்கி ஒவ்வொரு நிலைக்கும் வேறு ஒலி எழுப்பியது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் சாவி கிடைத்துவிடும்.

2010இல் இத்தகைய கருவிகளின் ஓட்டைகளைத் தேடும் ஆய்வாளர் வாதிம் மகரோவும் கூட்டாளிகளும் செய்தது இன்னும் நுட்பம். விற்பனையில் இருந்த இரண்டு கருவிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒளியை உணர்வது சரிவு டையோடு. அதை முறிவு மின்னழுத்தத்துக்கு, அதாவது மின்னோட்டம் திடீரெனப் பெருகத் தொடங்கும் அளவுக்கு, சற்று மேலே வைத்தால் ஒரே துகளுக்கும் மின்னோட்டம் பொங்கி 'கிளிக்' பதியும். இவர்கள் ஃபைபர் வழியே விடாமல் பிரகாசமான லேசர் ஒளியைச் செலுத்தினார்கள். டையோடில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருந்ததால் மின்வழங்கும் பாதையின் தடையில் அழுத்தம் விழுந்து, டையோடு முறிவு நிலைக்குக் கீழே இறங்கிவிட்டது. இனி ஒற்றைத் துகள் அதற்குத் தெரியாது. வலுவான துடிப்புக்குத்தான் கிளிக். திருடுபவர் தான் அளந்ததை அப்படியொரு துடிப்பாக அனுப்புவார். பெறுபவரும் அதே திசையமைப்பில் அளந்தால் பதியும். மாறினால் ஒளி இரண்டாகப் பிரிந்து, வலு போதாமல், எதுவும் பதியாது. பிழையே கூடாது, ஆகவே சந்தேகமும் எழாது. கருவியே ஒட்டுக்கேட்பவரின் கையில்!

இதற்கு விடையாக, 2012இல் உணர்கருவியை நம்பவே தேவையில்லாத முறை ஒன்று வந்தது. இரு முனையிலிருப்பவர்களும் துகள்களை நடுவுக்கு அனுப்புவார்கள், அங்கே அளக்கும் உணர்கருவியை எதிரியிடமே கொடுத்துவிடலாம். ஆனால் இரண்டு ஊர்களிலிருந்து கிளம்பும் துகள்கள் ஒரே நொடித்துளியில், ஒரே நிறத்தில் வந்து சேர வேண்டும். 100 கிலோமீட்டர் ஃபைபரில் நூறு துகளில் ஒன்றுதான் தப்பி வந்து சேரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் படிப்புக்கு இதைவிடப் பெரிய களம் எது?

இன்றைய வலைத்தளங்களுக்கு 2024இல் அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்ட , குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாதபடி வகுத்த புதிய கணிதப் பூட்டு முறைகளே நடைமுறைக்கு ஏற்றவை என்பது என் கருத்து. அவற்றுக்குத் தனி ஃபைபரோ கருவியோ வேண்டாம். ஆனாலும் குவாண்டம் கருவியைக் கற்பதை விட்டுவிடாதீர்கள். முதலில் அந்தச் சரிவு டையோடின் மின்சுற்றை வரைந்து, ஒளி வெள்ளம் வந்தால் எந்த இடத்தில் அளந்து எச்சரிக்கலாம் என்று யோசித்து எழுதுங்கள்.